பங்காளிகள் கட்டிய பிளாட்பாரம்

டோக்கியோவில் ஷிம்பாஷி என்ற இடத்தில், தரைக்கு அடியில், ஒரு ரயில் பிளாட்பாரம் சும்மா கிடக்கிறது. 1939 ஜனவரி 15ஆம் தேதி திறந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 16ஆம் தேதியிலிருந்து அதற்கு வேலையில்லை. கூட்டிக் கழித்தால் எட்டு மாதம். எங்கள் தெருமுனையில் பிள்ளையார் கோவிலுக்கு எதிரே திறந்த டீக்கடைகூட இதைவிட நாலு மாதம் கூடுதலாக ஓடியது.

தெருவைத் தோண்டி, தூண் நிறுத்தி, கூரை போட்டு, சுவரில் ஓடு ஓடாகப் பதித்து ஊர்ப்பெயரும் எழுதிவிட்டு, எட்டே மாதத்தில் யாராவது கடையைக் கட்டுவார்களா? நிலநடுக்கம் வரவில்லை. வெள்ளம் புகவில்லை. குண்டு விழவில்லை, அது விழ இன்னும் சில வருஷம் இருந்தது. காரணம் நம் ஊர்த் தாலுகா கோர்ட்டில் எந்தக் குமாஸ்தாவைக் கேட்டாலும் சொல்லக்கூடியதுதான்: நடுச்சுவர்த் தகராறு. இரண்டு பெரிய மனிதர்களுக்கு ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கப் பிடிக்கவில்லை. அந்தச் சண்டைக்கு எழுப்பிய நினைவு மண்டபம்தான் இந்தப் பிளாட்பாரம்.

ஜப்பானியர் இதை ‘மாபொரோஷி நோ ஹோமு’ என்கிறார்கள். மாபொரோஷி என்றால் மாயத்தோற்றம். ஹோமு என்பது ஹோமம் இல்லை, வீடும் இல்லை. பிளாட்பாரம் என்ற ஆங்கிலச் சொல்லைத் தூக்கிக்கொண்டு போய், முன்பாதியை வழியில் போட்டுவிட்டு, வாலை மட்டும் வைத்துக்கொண்டார்கள். ஆக, மாயப் பிளாட்பாரம். பெயர் கேட்கப் பேய்க்கதை மாதிரி இருக்கிறது. பேய் கிடையாது. பேய்க்கும் சேர்த்து இரண்டு மனிதர்கள் ஆடிவிட்டார்கள்.

ஷிம்பாஷிக்கே ஒரு ராசி உண்டு. பெயர் ஓரிடத்தில் இருக்கும், ஆள் இன்னோரிடத்தில் இருப்பான். ஜப்பானின் முதல் ரயில் 1872இல் ஷிம்பாஷியிலிருந்து யோகோஹாமாவுக்குப் புறப்பட்டது. முதன்முதலில் ஏறியவர்கள், வீட்டுக்குள் நுழையும் பழக்கத்தில் செருப்பைக் கழற்றி பிளாட்பாரத்தில் ஒழுங்காக அடுக்கிவிட்டு ஏறினார்கள் என்றும், யோகோஹாமாவில் இறங்கிக் காலைத் தடவிப் பார்த்தபோதுதான் செருப்பு ஷிம்பாஷியிலேயே நிற்பது உறைத்தது என்றும் ஒரு கதை உலவுகிறது. கதையோ நிஜமோ, நம்பத்தான் ஆசையாக இருக்கிறது. 1914இல் டோக்கியோ நிலையம் வந்ததும் பழைய ஷிம்பாஷியைச் சரக்கு நிலையமாக்கி ஷியோதோமே என்று பெயரை மாற்றினார்கள். அதுவரை காராசுமோரி என்று இருந்த பக்கத்து நிலையத்துக்கு ஷிம்பாஷி என்ற பெயரைத் தூக்கிக் கொடுத்தார்கள். ஷிம்பாஷி என்றால் புதுப்பாலம். பாலத்தின் கீழே ஓடிய ஆற்றைத் தூர்த்துவிட்டார்கள், பாலமும் போயிற்று. ஆக, பாலமில்லாத புதுப்பாலத்தில், ஷிம்பாஷி அல்லாத ஷிம்பாஷி நிலையம். இப்படிப்பட்ட ஊரில் ரயில் வராத பிளாட்பாரம் ஒன்று இருப்பதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இனி சண்டைக்காரர்கள்.

முதலாமவர் ஹயகாவா நொரிட்சுகு. 1881இல் யாமானாஷி என்ற மலைநாட்டில் பிறந்தவர். இதே எழுத்துகளில் பெயர் எழுதும் இன்னொருவரும் ஜப்பானில் பிரபலம். உச்சரிப்பு மட்டும் வேறு, ஹயகாவா தொகுஜி. குச்சி தள்ளும் பென்சில் செய்து, பிறகு ஷார்ப் கம்பெனியை உண்டாக்கியவர். ஜப்பானிய எழுத்தில் பார்த்தால் இருவரும் ஒருவரே. பென்சில்காரரைத் தேடிப் போய் ரயில்காரரிடம் மாட்டிக்கொண்ட மாணவர்கள் எத்தனை பேரோ.

நம்மவர் நஷ்டத்தில் தள்ளாடிய சின்னச் சின்ன ரயில் கம்பெனிகளைத் தூக்கி நிறுத்திப் பெயர் வாங்கியவர். 1914இல் துறைமுகமும் ரயிலும் எப்படி ஒட்டிக்கொள்கின்றன என்று படித்து வர லண்டனுக்குப் போனார். போன இடத்தில் பாதாள ரயிலைப் பார்த்துவிட்டார். லண்டன்காரர்கள் 1863 முதலே மண்ணுக்குள் ரயில் விட்டுக்கொண்டிருந்தார்கள். துறைமுகத்தை அந்த நிமிடமே மறந்தார் மனிதர். பெண் பார்க்கப் போய், பெண்ணை விட்டுவிட்டு அந்த வீட்டுத் திண்ணையை மணந்துகொண்டு திரும்பியவர் போல, 1916இல் ஒரே நினைப்போடு டோக்கியோவில் வந்து இறங்கினார்.

அப்போது டோக்கியோ டிராம்களில் கூட்டம் படியில் தொங்கிக்கொண்டிருந்தது. ‘பூமிக்கடியில் ரயில் விடலாம்’ என்று ஹயகாவா சொன்னதும் விவரம் தெரிந்தவர்கள் அவரை ஏற இறங்கப் பார்த்தார்கள். டோக்கியோ மண் சேற்று மண், கடலைத் தூர்த்து எடுத்த நிலம், கடப்பாரை போட்டால் தண்ணீர் பீறிடும், இதில் சுரங்கமா? அதோடு காசு கொடுத்து எலி வளைக்குள் இறங்க யார் வருவார்கள்?

வேறொருவராக இருந்தால் நிபுணர் குழு அமைத்திருப்பார். இவர் பயறு வாங்கினார்.

கறுப்புப் பயறு, வெள்ளைப் பயறு. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கின்ஸா, உவேனோ போன்ற தெருமுனைகளில் நின்றார். நடந்து போகிறவர், டிராம், வண்டி என்று ஒவ்வொன்றாகக் கடக்கக் கடக்க ஒரு பையிலிருந்து பயறை எடுத்து இன்னொரு பைக்கு மாற்றினார். மாலையில் எண்ணிக் கணக்கெழுதினார். கோட்டு சூட்டு போட்ட ஒரு நடுவயதுக்காரர், சாலையோரத்தில் நின்று, வருகிறவர் போகிறவரை உற்றுப் பார்த்துக்கொண்டு, பைக்குள் கையை விட்டு விட்டு எடுப்பதைப் பார்த்த போலீஸ்காரர் என்ன நினைத்திருப்பார் என்பதை வாசகரின் கற்பனைக்கு விடுகிறேன். போக்குவரத்து ஆய்வறிக்கை என்ற பெயரில் இன்று கோடிகளில் நடப்பதை, ஒரு கிண்ணம் சுண்டல் செலவில் முடித்த மகான் அவர். எந்தத் தெருவில் பயறு அதிகம் நகர்ந்ததோ அந்தத் தெருவுக்கு அடியில் ரயில். அசாகுசா, உவேனோ, கின்ஸா, ஷிம்பாஷி. இன்றைக்கும் அந்தப் பாதை அதேதான். பயறு பொய் சொல்லவில்லை.

அடுத்தது சேறு. அதற்கும் மனிதர் தானே கிளம்பினார். நகரத்தில் பாலம் கட்டும் பிரிவுக்காரர்களிடம், தூண் இறக்கும்போது எடுத்த மண் கணக்கு கிடந்தது. அதைக் கேட்டு வாங்கிப் பார்த்தால், மேலே சேறுதான், ஆனால் அதன் கீழே கெட்டித் தரை. எல்லோருக்கும் எட்டும் தூரத்தில், ஓர் அலுவலக அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்த காகிதம். ‘முடியவே முடியாது’ என்று சொன்ன ஒருவரும் அந்த அலமாரியைத் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை.

மிச்சம் பணம். ஜப்பானில் எந்தக் கம்பெனியின் பிறப்புச் சான்றிதழைப் புரட்டினாலும் தாத்தா என்ற இடத்தில் ஷிபுசாவா எய்இச்சி பெயர் இருக்கும். ஹயகாவா அவரையும் போய்ப் பார்த்தார், ஆசி வாங்கினார். 1920இல் கம்பெனி பிறந்தது. மூன்றாம் வருஷம், 1923 செப்டம்பர் 1ஆம் தேதி, பெரும் நிலநடுக்கம் வந்து டோக்கியோவைத் தரைமட்டமாக்கியது. தரைக்கு மேலே இருந்ததெல்லாம் விழுந்து எரிந்த ஊரில், தரைக்குக் கீழே கட்டப் பணம் கேட்டு நின்றார். பணம் வைத்திருந்தவர்கள் வீட்டுக் கூரையைக் காட்டினார்கள். கடைசியில் இருக்கிற காசுக்கு எவ்வளவு தோண்டலாம் என்று பார்த்ததில், உவேனோவிலிருந்து அசாகுசா வரை 2.2 கிலோமீட்டர் தேறியது. நம்மில் பலர் வீடு கட்டுவதும் இப்படித்தான்: மனசில் மாடி வீடு, கையில் ஒரு ஹால், ஒரு சமையலறை.

1925 செப்டம்பரில் கடப்பாரை விழுந்தது. தெருவைப் பிளந்து, மேலே மரப்பலகை பரப்பி, அதன்மேல் டிராம் ஓட, கீழே தோண்டினார்கள். 1927 டிசம்பர் 30ஆம் தேதி திறப்பு. நான்கே நிலையங்கள். எங்கே ஏறினாலும் எங்கே இறங்கினாலும் 10 சென். காசை வாயிலில் இருந்த சுழல்கட்டையில் போட்டுத் தள்ளினால் வழிவிடும். ரயில் பெட்டி மொத்தமும் எஃகு, மஞ்சள் பூச்சு, பெர்லின் பாதாள ரயிலைப் பார்த்து ஆசைப்பட்ட நிறம். சிவப்பு விளக்கைத் தாண்டினால் தண்டவாள ஓரத்துக் கை ஒன்று எழும்பிப் பிரேக்கைத் தட்டிவிடும் ஏற்பாடுகூட முதல் நாளே இருந்தது. கைப்பிடிகள் விட்டதும் தாமாகவே மடங்கி மேலே போய்விடும். பிடிக்கும்போது ஞாபகமாகப் பிடிக்க வேண்டும். மாமியார் வீட்டு நாற்காலி மாதிரி, எழுந்தால் போச்சு.

ஐந்து நிமிடப் பயணத்துக்கு மக்கள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றார்கள். எலி வளைக்குள் யார் வருவார்கள் என்று கேட்டவர்கள் வரிசையின் எந்தப் பக்கத்தில் நின்றார்கள் என்று வரலாறு குறித்து வைக்கவில்லை. ‘கீழை நாடுகளிலேயே ஒரே பாதாள ரயில்’ என்று சுவரொட்டி அடித்தார்கள். சென்டாய் நகரத்தில் ஒரு கம்பெனி 1925இலேயே தன் ரயிலைத் துண்டுச் சுரங்கத்துக்குள் விட்டு, நிலையத்தையும் தரைக்கடியில் வைத்திருந்தது. டோக்கியோ நிலையத்துக்கும் தபால் ஆபீசுக்கும் நடுவே கடிதங்கள் 1915 முதலே சுரங்கத்தில் பயணம் செய்துகொண்டிருந்தன. ஆனால் விளம்பரத்துக்கு அடிக்குறிப்பு போடும் வழக்கம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

பிறகு தெற்கே, கஜம் கஜமாக. கையில் காசில்லாத ஹயகாவாவுக்கு அருமையான யோசனை ஒன்று வந்தது. பாதையோரத்தில் பெரிய ஜவுளிக்கடைகள். ‘நிலையத்தைக் கட்டும் செலவை நீங்கள் கொடுங்கள், உங்கள் கடைக்குள்ளேயே வாசல் வைத்துத் தருகிறேன்’ என்றார். மிட்சுகோஷி கடைக்காரர்கள் பணத்தை எடுத்து வைத்தார்கள். 1932இல் திறந்த நிலையத்தின் பெயர் மிட்சுகோஷிமாயே. அதாவது ‘மிட்சுகோஷிக்கு முன்னால்’. புடவைக் கடை பெயரில் ரயில் நிலையம்! நம் ஊர்ப் பேருந்து நடத்துநர்கள் இதை ஒரு காசு வாங்காமல் செய்துகொண்டிருக்கிறார்கள் என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது.

அதே 1932 மார்ச்சில் ஊழியர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். மற்ற ஊர்களில் ஊர்வலம் போவார்கள். இவர்கள் ரயிலோடு சுரங்கத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்கள். பத்திரிகைகள் ‘மூஞ்சூறுச் சண்டை’ என்று சொல்லத்தக்க பெயரை வைத்தன. அங்கே மண்ணைத் துளைக்கும் பிராணி வேறு, நமக்குக் கைக்கெட்டியது மூஞ்சூறுதான். 1934 ஜூனில், எல்லாக் கஷ்டமும் தாண்டி, ஹயகாவாவின் மஞ்சள் வண்டி ஷிம்பாஷி வந்து சேர்ந்தது. லண்டனிலிருந்து இருபது வருஷம்.

மூச்சு விடுவதற்குள் இரண்டாமவர் வந்துவிட்டார்.

கொட்டோ கெய்டா. 1882இல் நாகானோவில் பிறந்தவர். யாமானாஷிக்கு அடுத்த மாநிலம்; அதுவும் மலை. ஹயகாவாவைவிட ஒரு வயது இளையவர். இவரும் ரயில்வே உத்தியோகம் பார்த்துவிட்டுத் தனியாருக்கு வந்தவர். பிறந்தபோது கோபாயாஷி, கல்யாணத்துக்குப் பிறகு மனைவி வழிக் குடும்பப் பெயரை ஏற்றுக் கொட்டோ ஆனார். இங்கேதான் விதி சிரித்தது. ஜப்பானிய மொழியில் கொட்டோ என்பது குடும்பப் பெயர். முதலெழுத்தைக் கொஞ்சம் இழுத்துக் கோட்டோ என்றால் கொள்ளைக்காரன். குறிலை நெடிலாக்கினால் கனவான் களவாணி! தொல்காப்பியரின் பேரப்பிள்ளைகளான நமக்கு மாத்திரைக் கணக்கின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊர் முழுக்க ஒரு மாத்திரை கூட்டியே அழைத்தது. கோட்டோ கெய்டா. கோபாயாஷியாகவே இருந்திருந்தால் இந்தத் தொல்லை இல்லை. கல்யாணம் மனிதனைக் கொள்ளைக்காரனாக்கும் என்பதற்கு இலக்கண ஆதாரமும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டப்பெயர் சும்மா வரவில்லை. அடுத்தவர் ரயில் பிடித்துப்போனால், ஏறிப் போக மாட்டார். பங்கை வாங்கிக் கம்பெனியையே வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். இகேகாமி ரயில் அப்படிப் போயிற்று. தாமாகாவா ரயில் அப்படிப் போயிற்று. முப்பதுகளில் மிட்சுகோஷியையே விழுங்கப் பார்த்தார். ஆம், அதே புடவைக் கடை. பெரிய இடத்து வங்கிகள் முகம் சுளிக்கவே, அதை மட்டும் துப்பிவிட்டார். நல்ல குணமும் உண்டு. தன் ரயில் பாதையோரத்தில் கல்லூரிகளுக்கு நிலத்தைத் தானமாகக் கொடுத்தார். மாணவன் நாலு வருஷத்துக்கு, தினம் இரண்டு தடவை, டிக்கெட் வாங்குவான் என்பது தற்செயலாக நடந்த விஷயம்.

கொட்டோவின் கோட்டை ஷிபுயா. அங்கிருந்து நகரத்தின் நடுவுக்குப் பாதாள ரயில் விட இன்னொரு கம்பெனி கிளம்பியது. அதை ஓட்டியவர் இவர். ஷிபுயா ஒரு பள்ளத்தாக்கு. மேட்டுக்குள் சமமாகத் தோண்டிக்கொண்டு வந்தால், பள்ளத்தில் சுரங்கம் முடிந்து ரயில் அந்தரத்தில் வெளியே வந்துவிடும். வந்தது. கொட்டோ அசரவில்லை. தன்னுடைய கடைக் கட்டடத்தின் மூன்றாவது மாடிக்குள் ரயிலை விட்டார். பாதாள ரயில் ஏற மாடிப்படி ஏறிப்போகும் ஒரே சமூகமாக ஷிபுயாக்காரர்கள் பல தலைமுறை வாழ்ந்தார்கள். 2020இல் பிளாட்பாரத்தைக் கொஞ்சம் தள்ளிக் கட்டியிருக்கிறார்கள். இன்னும் ஆகாயத்தில்தான்.

ஷிபுயா வண்டியும் அசாகுசா வண்டியும் ஷிம்பாஷியில் கைகுலுக்கி ஒன்றாகிவிட வேண்டும் என்று முதலில் பேச்சு இருந்தது. அதற்குத் தோதாகத் தண்டவாள அகலம் இரண்டிலும் 1435 மில்லிமீட்டர். மின்சாரமும் 600 வோல்ட், அதுவும் தரையோரத்து மூன்றாவது தண்டவாளம் வழியாக. ஜாதகப் பொருத்தம் பத்துக்குப் பத்து. மாப்பிள்ளை வீட்டாருக்கும் பெண் வீட்டாருக்கும் மட்டும் பொருந்தவில்லை.

ஹயகாவாவின் கண் தெற்கே ஷினாகாவா மீது இருந்தது. அங்கே போய்விட்டால் யோகோஹாமா பக்கத்து ரயிலோடு சேர்ந்துகொள்ளலாம். 1937இல் அதற்காகவே தனிக் கம்பெனியும் கூட்டு சேர்ந்து ஆரம்பித்தார். அது நடந்தால் கொட்டோவின் பாதை நட்டநடுவில், வாசலில்லாத வீட்டுத் திண்ணை மாதிரி நிற்கும். இருவரும் என்ன பேசிக்கொண்டார்களோ, நான் பக்கத்தில் இல்லை. இப்படி இருந்திருக்கும் என்று ஒரு ஊகம்:

“அண்ணே, நம்ம ரெண்டு பேர் வண்டியும் ஒண்ணா ஓடினா ஜனங்களுக்கு சௌகரியம்.”

“ஜனங்க சௌகரியத்தப் பத்தி நீங்க பேசறீங்களா தம்பி? உங்க வண்டி எங்க சுரங்கத்துக்குள்ள வந்தா, எங்க வண்டிய நாங்க எங்க நிறுத்தறது?”

“உங்க சுரங்கமா? ரோடு ஊர் ரோடுதானே?”

“பயறு எண்ணினது யாரு?”

இதற்கு மேல் பேச்சு நடக்காது. எந்தச் சண்டையிலும் ‘எண்ணினது யாரு’ என்ற இடம் வந்துவிட்டால் அங்கே வக்கீல்தான் பிழைப்பார்.

1938 கடைசியில் ஷிபுயாவிலிருந்து தோரானோமோன் வரை கொட்டோவின் ரயில் ஓட ஆரம்பித்தது. 1939 ஜனவரி 15ஆம் தேதி ஷிம்பாஷியைத் தொட்டது. ஹயகாவாவின் நிலையம் பக்கத்திலேயே இருந்தது. கதவு திறக்கவில்லை. சரி என்று கொட்டோ தனக்கென்று தனி பிளாட்பாரம் கட்டிக்கொண்டார். அதுதான் நம் கதாநாயகி. இந்தப் பக்கம் ஒரு ஷிம்பாஷி, அந்தப் பக்கம் ஒரு ஷிம்பாஷி, நடுவில் சுவர். பாகம் பிரித்த வீட்டில் இரண்டு அடுப்பு.

அந்த எட்டு மாதமும் பயணிகள் பாடு எப்படி இருந்திருக்கும்? ஷிபுயாவில் மூன்றாவது மாடி ஏறிப் பாதாள ரயிலைப் பிடித்து, ஷிம்பாஷியில் இறங்கி, சுவரைச் சுற்றி நடந்து, இன்னொரு கம்பெனிக்கு இன்னொரு டிக்கெட் எடுத்து, அதே அகலத் தண்டவாளத்தில், அதே மின்சாரத்தில் ஓடும் இன்னொரு ரயிலில் ஏற வேண்டும். சுவருக்கு அப்பால் தாம் ஏற வேண்டிய வண்டியின் சத்தம் கேட்டிருக்கும். பங்காளிகள் பேசிக்கொள்ளாத வீட்டில் சாம்பாருக்கு உப்பு வேண்டுமென்றால் மூன்றாம் வீட்டுக்காரி மூலம் சொல்லி அனுப்ப வேண்டும். இங்கே அந்த மூன்றாம் வீட்டுக்காரி, காலையில் ஆபீசுக்கு ஓடும் டோக்கியோ குமாஸ்தா.

கொட்டோ சுவரை இடிக்கவில்லை. அவருக்கு அதைவிட நல்ல வழி தெரியும்: சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டை வாங்குவது. ஹயகாவா கம்பெனியின் பங்குகளைப் பெருமளவில் வைத்திருந்தவர்களைப் பிடித்து வளைத்துப் போட்டார். ஷினாகாவாப் பக்கத்துக் கூட்டாளிக் கம்பெனியின் பங்குகளும் கைமாறின. ஹயகாவா ஒரு நாள் காலை எழுந்து பார்த்தால், தன் வீட்டுக்குள் தானே வாடகைக்கு இருப்பது போல ஆகிவிட்டது. செப்டம்பர் 16ஆம் தேதி ஷிபுயாவிலிருந்து கிளம்பிய வண்டி, ஷிம்பாஷியில் நேரே ஹயகாவாவின் பிளாட்பாரத்துக்குள் புகுந்து அசாகுசா போயிற்று. கொட்டோ கட்டிய பிளாட்பாரத்தில் விளக்கை அணைத்தார்கள்.

ஜெயித்தது கொட்டோ, பூட்டப்பட்டது கொட்டோவின் பிளாட்பாரம். இந்த வேடிக்கையை எந்தக் கதாசிரியன் எழுதியிருந்தாலும் ‘செயற்கையாக இருக்கிறது’ என்று ஆசிரியர் திருப்பி அனுப்பியிருப்பார்.

ரயில்கள் சமாதானமாகிவிட்டன. மனிதர்கள் ஆகவில்லை. கம்பெனி யாருக்கு என்ற சண்டை 1940 வரை இழுத்தது. கடைசியில் அரசாங்கம் பஞ்சாயத்துக்கு வந்தது. பஞ்சாயத்து என்றால் நமக்குத் தெரியும். இரண்டு பூனைக்கும் ஒரு குரங்குக்கும் நடுவில் ஒரு அப்பம். ‘இருவரும் விலகிக்கொள்ளுங்கள்’ என்று தீர்ப்பாயிற்று. யுத்தக் காலம், போக்குவரத்தையெல்லாம் ஒழுங்குபடுத்துகிறோம் என்று 1938இலேயே ஒரு சட்டம் தயாராக இருந்தது. 1941இல் அரசாங்கப் பிடியில் புதிய நிறுவனம் ஒன்று பிறந்து, செப்டம்பர் 1ஆம் தேதி இரண்டு கம்பெனிகளின் பாதையையும் எடுத்துக்கொண்டது. அப்பம் தீர்ந்தது. ஒரு பயறுகூட எண்ணாமல், ஒரு பங்குகூட வளைக்காமல், முழுச் சுரங்கமும் ஆபீசர்களுக்கு. கின்ஸா பாதை என்ற பெயர் 1953இல்தான் வந்தது. அதே நிறுவனம் 2004இல் வேஷம் மாற்றி டோக்கியோ மெட்ரோ ஆயிற்று.

ஹயகாவா 1942 நவம்பரில் இறந்துபோனார். 61 வயது. கின்ஸா நிலையத்தில் அவருடைய மார்பளவுச் சிலை இருக்கிறது. எதிரே தினமும் போகும் கூட்டத்தைப் பார்த்தபடி நிற்கிறார். மார்பளவுதான் செதுக்கியிருக்கிறார்கள் என்பதால் பை கிடையாது, எண்ண வழியில்லை. கொட்டோ 1944இல் சில மாதம் போக்குவரத்து அமைச்சராகவே ஆனார். ரயில்களைப் பறிகொடுத்தவருக்கு ரயில் இலாகா! போருக்குப் பிறகு பொதுப் பதவிகளிலிருந்து ஒதுக்கிவைத்தார்கள். அதுவும் தீர்ந்து, திரும்பி வந்து, 1959 வரை வாழ்ந்தார். அவர் சேர்த்த பழைய ஓவியங்களும் பாத்திரங்களும் டோக்கியோவில் அவர் பெயரிலேயே ஒரு காட்சிசாலையில் இருக்கின்றன. அவற்றையாவது காசு கொடுத்து வாங்கியிருப்பார் என்று நம்புவோம்.

எழுபதுகளில் கஸுகா சங்க்யூ, தெருயோ என்ற கணவன் மனைவி ஜோடி மேடையில் ஒரு சந்தேகம் கிளப்பி நாட்டையே சிரிக்க வைத்தது. பாதாள ரயிலை எந்த வழியாகப் பாதாளத்துக்குள் இறக்கினார்கள்? அதை யோசித்தால் ராத்திரி தூக்கமே வருவதில்லையாம். கேள்வி அசட்டுக் கேள்விதான், ஆனால் விடையும் அதே அளவுக்கு அசடு. ஹயகாவாவின் பாதை உவேனோ அருகே பணிமனைக்காகத் தரைக்கு வருகிறது. வந்ததோடு விடாமல், தெருவைக் குறுக்கே கடக்கிறது. பாதாள ரயிலுக்கு ரயில்வே கேட்! மணி அடித்து, தடுப்பு இறங்கி, சைக்கிள்காரர்கள் காலை ஊன்றி நிற்க, சுரங்க ரயில் வெயிலில் நிதானமாகத் தெருவைத் தாண்டிப் போகிறது. மூன்றாவது தண்டவாளத்தில் யாரும் காலை வைத்துவிடக் கூடாது என்பதற்காக, ரயில் இல்லாத நேரத்தில் தண்டவாளத்துக்கும் ஒரு தடுப்பு. ரயிலுக்கு ஒரு கேட், தெருவுக்கு ஒரு கேட். இரு தரப்பையும் சமமாக நடத்த வேண்டும் என்ற ஞானம் ஷிம்பாஷிக்கு மட்டும் போய்ச் சேரவில்லை.

மாயப் பிளாட்பாரத்துக்கு வருவோம். பாதியைச் சாமான் போட்டுவைக்கவும் கூடிப் பேசவும் தடுத்துக்கொண்டார்கள். ஆண்டு விழா மாதிரி ஏதாவது வந்தால் பொதுமக்களைக் குழுக் குழுவாக உள்ளே விடுவதுண்டு. எட்டு மாதம் காசு கொடுத்துத் திட்டிக்கொண்டே இறங்கிய இடத்தில், இன்று பேரப்பிள்ளைகள் படம் எடுத்துக்கொள்ள இடம் கிடைக்குமா என்று தவம் கிடக்கிறார்கள். சுவரில் ஊர்ப்பெயர் அன்றைய வழக்கப்படி வலமிருந்து இடமாகப் பதித்திருக்கிறது. இன்றைய கண்ணுக்கு ‘பாலம் புது’ என்று படுகிறது. எழுதியவர் முகம் திருப்பிக்கொண்டு எழுதினாரோ என்னவோ.

ராத்திரி கடைசி வண்டி போனபின் ஒரு காரியம் நடக்கிறது. கின்ஸா பாதையில் இப்போது ஓடுபவை 2012இலிருந்து வந்த வண்டிகள். 1927இன் பழைய வண்டியைப் பார்த்து, அதே மஞ்சளில் செய்தவை. ஹயகாவாவின் மஞ்சள். எல்லா வண்டிக்கும் உவேனோவில் இடம் போதாது. அதனால் சில வண்டிகள் ஷிம்பாஷியில் மெதுவாக ஒதுங்கி, பழைய தண்டவாளத்தில் ஊர்ந்து, கொட்டோவின் பிளாட்பாரத்தை ஒட்டி நின்று விளக்கணைத்துத் தூங்குகின்றன. விடிவதற்கு முன் எழுந்து, வாடகையும் கொடுக்காமல், சொல்லிக்கொள்ளவும் செய்யாமல், அசாகுசாப் பக்கம் கிளம்பிவிடுகின்றன.